புனைவு என்றால் பொய்யா? – ஒரு சொல்லும் அதன் வழக்குகளும்

ஆங்கிலத்தில் 'ஃபிக்ஷன்' என்ற ஒரே சொல் செய்யும் வேலையைத் தமிழில் கதை, புனைகதை, புனைவு, கற்பனை, கட்டுக்கதை, நாவல், புதினம் என்று ஏழெட்டுச் சொற்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்கின்றன. இதைத் தமிழின் குறை என்பாரும் உளர், வளம் என்பாரும் உளர். என் பார்வையில் இரண்டுமே அவசர முடிவுகள். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதைவிட, அதை எதற்கு எதிர்ச்சொல்லாக நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். அங்கேதான் நாம் இன்று தடுமாறுகிறோம்.

ஹிஞ்சேவாடியிலும் வாகடிலும் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நூலகம் இரண்டு அலமாரிகளைக் காட்டுகிறது: ஃபிக்ஷன், நான்-ஃபிக்ஷன். வீட்டுக்கு வந்து அர்த்தம் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "அது பொய்க்கதைடா கண்ணா, இது நிஜம்." அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. "பொய்க்கதையைப் படிச்சு என்ன ஆகப் போவுது, உருப்படியா ஏதாவது படி" என்று அடுத்த வாக்கியமும் வந்துவிடும். கதை = பொய், கட்டுரை = உண்மை என்ற இந்தச் சமன்பாடு ஆங்கிலச் சொல்லிலும் இல்லை, தமிழ் மரபிலும் இல்லை என்பதே இக்கட்டுரையில் நான் காட்ட முயல்வது.

சொற்களின் வேர்

ஃபிக்ஷன் என்ற சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் 'ஃபிங்கெரே'. பிசைதல், வனைதல், உருக்கொடுத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். குயவன் களிமண்ணில் செய்வது அந்தச் செயல். உருவத்தைக் குறிக்கும் 'ஃபிகர்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தது. பாசாங்கைக் குறிக்கும் 'ஃபெய்ன்' என்ற சொல்லும் அங்கிருந்துதான் வந்தது. ஆக, வனைதலும் பாசாங்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

தமிழின் 'புனை' என்ற வேரும் ஏறக்குறைய இதே கதைதான். மாலை புனைகிறோம், வேடம் புனைகிறோம், கவி புனைகிறோம். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் புனையாத ஓவியம் என்று சொல்வது சங்க காலத்து வழக்கு. தொடுத்தல், தீட்டுதல், அழகுபடுத்துதல் எல்லாம் இதில் அடங்கும். ரா. கிருஷ்ணமூர்த்தி 'கல்கி' என்றும், சொ. விருத்தாசலம் 'புதுமைப்பித்தன்' என்றும் எழுதியதைப் புனைபெயர் என்கிறோமே தவிர, யாரும் பொய்ப்பெயர் என்பதில்லை. அதே வேரிலிருந்து 'புனைசுருட்டு' என்ற சொல்லும் வந்திருக்கிறது. அது சுத்தமான மோசடி. புனைபெயருக்கும் புனைசுருட்டுக்கும் இடையிலுள்ள தூரம் நம் பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

'கற்பனை' என்ற சொல் இன்னும் சுவாரசியமானது. இன்று அது இல்லாததை எண்ணிப் பார்ப்பது. ஆனால் பழைய கிறித்தவத் தமிழில் 'பத்துக் கற்பனைகள்' என்றால் கடவுள் மோசேக்கு இட்ட பத்துக் கட்டளைகள். கற்பித்தது எதுவோ அது கற்பனை. ஒரே சொல் ஒரு வீட்டில் மீறக்கூடாத கட்டளையாகவும் அடுத்த வீட்டில் எட்டாத கனவாகவும் புழங்கியிருக்கிறது.

பேச்சு வழக்கில் 'கதை' படும் பாடு தனி. "கதை விடாதே", "கதை அளக்கிறான்", "கதை கட்டிட்டாங்க" என்றால் பொய். ஆனால் "உன் கதை என்னாச்சு?" என்று ஊரிலிருந்து அத்தை ஃபோனில் கேட்டால் அது வாழ்க்கை. "அவன் கதை முடிஞ்சுது" என்றாலும் வாழ்க்கைதான். யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பது என்றால் வெறுமனே பேசுவது. அங்கே "என்ன புதினம்?" என்றால் என்ன செய்தி என்று பொருள். நம் பல்கலைக்கழகங்கள் நாவலுக்குப் புதினம் என்று பெயர் வைத்தன. கடலுக்கு அக்கரையில் செய்தியாக இருக்கும் சொல் இக்கரையில் புனைகதையாக இருக்கிறது.

நாம் குடியிருக்கும் மராட்டிய மண்ணைப் பாருங்கள். மராத்தியில் கதைக்கு 'கோஷ்ட்' என்பார்கள். சங்கதி, விஷயம், பொருள் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். பொய் சொல்வதற்கு 'தாபா' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். கதையையும் பொய்யையும் அவர்கள் ஒரே பானையில் போடவில்லை. நாவலுக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'காதம்பரி'. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் வடமொழியில் எழுதிய உரைநடைக் காவியத்தின் தலைவி பெயர் அது. ஒரு பெண்ணின் பெயர் ஓர் இலக்கிய வகைக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது.

சட்டத்திலும் இச்சொல்லுக்கு இடமுண்டு. தத்துப்பிள்ளை, தத்தெடுத்த நாளிலிருந்து அப்பெற்றோரின் பிள்ளையாகவே கருதப்படும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம். இதைச் சட்டப் புனைவு என்பார்கள். அந்தத் தாயிடம் போய் "இது பொய்தானே" என்று யாராவது சொல்ல முடியுமா? ஒரு கம்பெனி, அதை நடத்தும் ஆட்களிலிருந்து வேறான தனி 'நபர்' என்பதை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1897இல் சாலமன் வழக்கில் உறுதி செய்தது. அந்த நபருக்குக் கையில்லை, காலில்லை. ஆனால் சொத்து வாங்கும், வழக்குப் போடும், வரி கட்டும். ஹிஞ்சேவாடியில் நம்மில் பெரும்பாலோருக்கு மாதாமாதம் சம்பளம் போடுவதே ஒரு புனைவுதான். அதைப் பொய் என்று யாரும் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை!

பெயர் சுட்டாமை என்னும் தமிழ்க் கோடு

சரி, உண்மை – பொய் என்பது கோடு இல்லையென்றால், எதுதான் கோடு? இதற்கு நம் பழைய இலக்கணமே ஒரு விடை வைத்திருக்கிறது.

தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சொல்லி, அவ்விரண்டும் சேர்ந்ததே செய்யுளுக்குரிய புலனெறி வழக்கம் என்கிறது. நாடக வழக்கு என்பதற்கு உரையாசிரியர் இளம்பூரணர் தரும் விளக்கம் அருமையானது. சுவை தரும் நிகழ்ச்சிகளையெல்லாம் ஒரே இடத்தில் நடந்தவை போலத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு என்கிறார் அவர். இதில் பொய் எங்கே வருகிறது? நடப்பவைதாம் அவை. ஆனால் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பேருக்கு நடப்பவை. தொகுப்பதுதான் புலவன் வேலை. புனைகதைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அடுத்து வருவது அதைவிட முக்கியமான விதி. அகத்திணையில் வரும் தலைவனையும் தலைவியையும் இன்னார் என்று சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது. அவர்கள் தலைவன், தலைவி, தோழி, செவிலி மட்டுமே. பெயர் வந்துவிட்டால் அது புறம். பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை இதற்குப் புகழ்பெற்ற சான்று. பிரிவில் வாடும் அரசியையும் பாசறையில் இருக்கும் அரசனையும் பாடும் அந்தப் பாட்டு முழுக்க முழுக்க அகம் போலவே இருக்கும். அரசன் பெயர் கூட இல்லை. ஆனால் வேலில் வேம்பு கட்டியிருந்தது என்று ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு தழையால் ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆகவே இது புறம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் நச்சினார்க்கினியர்.

இங்கே உரையாசிரியர் கேட்கும் கேள்வியைக் கவனிக்க வேண்டும். 'இது நடந்ததா?' என்று அவர் கேட்கவில்லை. 'இது யாருடையது?' என்று கேட்கிறார். ஒருவரைச் சுட்டினால் அது அவருடையது. சுட்டாவிட்டால் அது எல்லோருடையது. உண்மை – பொய் என்று பிரிக்காமல், ஒருவர்க்குரியது – எல்லோர்க்கும் பொதுவானது என்று பிரித்தார்கள். நம் வாரப் பத்திரிகைகள் கதை முடிவில் அடைப்புக்குறிக்குள் 'யாவும் கற்பனை' என்று போட்டார்களே, அதன் உண்மையான பொருளும் இதுதான். 'இதெல்லாம் பொய்' என்று எந்த ஆசிரியரும் தன் கதையைத் தானே இழிவுபடுத்த மாட்டார். 'இதில் யாரையும் சுட்டவில்லை' என்பதே அந்த இரண்டு சொற்களின் சேதி.

புனேவில் ஒரு யமு, சென்னையில் ஒரு சாவித்திரி

பெயர் சுட்டாமையின் வலிமைக்கு நாம் வாழும் இந்த ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. புனேவில் வாழ்ந்து 'கரமணூக்' என்ற வார இதழை நடத்திய ஹரி நாராயண் ஆப்டே, 1890களின் தொடக்கத்தில் ஒரு நாவல் எழுதினார். 'ஆனால் யார் கவனிக்கிறார்கள்?' என்று பொருள்படும் தலைப்பு. யமு என்ற பெண் தன் வாழ்க்கையைத் தானே எழுதுவதாக அமைந்தது. கணவனை இழந்த அவளுக்கு நேரும் கொடுமைகள், தலைமழித்தல் உட்பட, அவள் வாயாலேயே சொல்லப்படுகின்றன. எழுதியவர் ஓர் ஆண். அப்படி ஒரு யமு எந்த வீட்டிலும் இருக்கவில்லை.

ஏறக்குறைய அதே சமயத்தில், 1892இல், சென்னையிலிருந்து வந்த 'விவேகசிந்தாமணி' இதழில் சாவித்திரி என்ற பெண்ணின் சரித்திரம் ஒன்று தொடராக வந்தது. அதுவும் ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதுதான். எழுதியவர் அ. மாதவையா. தொடர் பாதியில் நின்றுபோனது. அதைத்தான் பிறகு 1903இல் 'முத்துமீனாக்ஷி' என்ற நூலாகக் கொண்டுவந்தார். ஒரு பிராமணப் பெண்ணின் சுயசரிதை என்றே அதற்குத் துணைத்தலைப்பு.

இரண்டு ஊர், இரண்டு மொழி, ஒரே காலம். இரண்டு ஆண்கள், வாய் திறக்க முடியாத பெண்களின் குரலைப் புனைந்தார்கள். உண்மையான ஒரு விதவையின் பெயரைப் போட்டு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் குடும்பத்து வழக்காக முடிந்திருக்கும். "அவா வீட்டு விவகாரம், நமக்கென்ன?" என்று தெருவே கதவைச் சாத்தியிருக்கும். யமு யாருமில்லை என்பதால்தான் அவள் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்திருந்தாள். புள்ளிவிவரமும் மகஜரும் செய்ய முடியாததை இந்தப் புனைவு செய்தது. இதற்குப் பெயர் பொய் என்றால், அந்தப் பொய் ஆயிரம் உண்மைகளுக்குச் சமம்.

பெயர் போட்டால் வரும் வம்பு

தமிழில் நாவல் தோன்றியபோது அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் முன்னோர் திகைத்தது முதல் நூல்களின் தலைப்பிலேயே தெரிகிறது. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை வெளியிட்டது 'பிரதாப முதலியார் சரித்திரம்'. அதன் ஆங்கில முன்னுரையில் தம் நூலை ஃபிக்ஷன் என்று குறிப்பிடும் அவர், தமிழ் அட்டையில் சரித்திரம் என்று போட்டார். பி.ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்', மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' எல்லாமே சரித்திரங்கள். சரித்திரம் என்றால் அன்று வாழ்க்கை வரலாறு என்றும் பொருள். இங்கிலாந்திலும் ஹென்றி ஃபீல்டிங் 1749இல் தம் நாவலுக்கு டாம் ஜோன்ஸின் வரலாறு என்றுதானே பெயரிட்டார்!

கற்பனை மனிதருக்குச் சரித்திரம் எழுதியவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நிஜ மனிதரைக் கற்பனைக்குள் கொண்டுவந்தபோதுதான் குழப்பம் ஆரம்பித்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. 2022இலும் 2023இலும் திரைப்படமாக வந்தபோது நம் குடியிருப்புப் பிள்ளைகளும் பார்த்தார்கள். "அங்கிள், நந்தினி நிஜமா?" என்பதுதான் அவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் கல்கி படைத்தவர்கள். வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டில் பெயர் உண்டு. ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசன் முதலானோர் பெயரை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு பையன், "அப்போ அந்தப் படம் ஃபிக்ஷனா, நான்-ஃபிக்ஷனா?" என்றான். தொல்காப்பியர் வழியில் சொல்வதானால், அகத்தைப் புறத்தின் தெருவில் நடக்க விட்டவர் கல்கி. படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் எந்த வேலில் வேம்பு கட்டியிருக்கிறது என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் இந்த வம்பு வந்தது. ரஷ்யாவின் ரஸ்புடினைப் பற்றி 1932இல் ஹாலிவுட் நிறுவனமொன்று படம் எடுத்தது. பாத்திரங்களில் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே பெருமையடித்தது. அதில் வரும் இளவரசி தன்னையே குறிக்கிறாள் என்று இரினா யூசுபோவ் இலண்டனில் வழக்குத் தொடுத்தார். 1934இல் 25,000 பவுன் நஷ்டஈடு பெற்றார். படங்களின் தொடக்கத்தில் 'யாரையும் குறிப்பிடுவன அல்ல' என்ற வாசகம் பரவலானது இந்த வழக்குக்குப் பிறகுதான். நம் இலக்கணம் பாட்டுக்கு வகுத்த விதியைத் திரைப்படக்காரர்கள் நஷ்டஈடு கட்டிக் கற்றுக்கொண்டார்கள்.

நம் காலத்தில் இதன் கசப்பான அத்தியாயம் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'. 2010இல் வந்த நாவல். குழந்தையில்லாத தம்பதியர் காளியும் பொன்னாவும். அவர்களுக்கு ஊர் தரும் வேதனை, திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஒரு வழக்கம். 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. நூல் எரிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டார்கள். 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, மறுபடி எழுதச் சொன்னது.

இந்த விவகாரத்தில் இரண்டு தரப்பையும் புரிந்துகொள்ள மேற்சொன்ன தமிழ்க் கோடு உதவும் என்பது என் கருத்து. ஊர்க்காரருக்கு ஏன் வலித்தது? காளியும் பொன்னாவும் அகத்து மாந்தர், ஆனால் மலையும் கோயிலும் தேரும் பெயரோடு நின்றன. வேலில் வேம்பு தெரிந்துவிட்டது. வலி பொய்யில்லை. ஆனால் ஆதாரம் கேட்டது தவறான கேள்வி. புனைவிடம் கல்வெட்டுக் கேட்பது, பூமாலையிடம் ரேஷன் கார்டு கேட்பதற்குச் சமம். நெடுநல்வாடையைப் புறம் என்று வகுத்த உரையாசிரியர் அதைத் தீயிலிடவில்லை. வேறு அலமாரியில் எடுத்து வைத்தார், அவ்வளவுதான். வகைப்படுத்துவது விமர்சகன் வேலை. எரிப்பது யாருடைய வேலையுமில்லை. அதன்பின் பெருமாள்முருகன் எழுதிய 'பூனாச்சி' (2016) ஒரு வெள்ளாட்டின் கதை. அசுரர்கள் வாழும் பெயரறியா நிலத்தில் நடப்பது. ஊர்ப்பெயரைத் துறந்து அவர் மறுபடி அகத்துக்குள் போனார். அச்சம் தள்ளிப் போனார் என்பது துயரம். ஆனால் அந்த ஆட்டுக்குட்டியின் பசியையும் பயத்தையும் படிக்கும் எவரும், எந்த ஊர் என்று கேட்கமாட்டார்.

அலமாரிக்கு என்ன பெயர்?

இப்போது தமிழ்ப் பதிப்புலகில் 'புனைவு – அபுனைவு' என்ற இரட்டைப் பெயர் நிலைத்துவருகிறது. புனைவு நல்ல சொல், இருக்கட்டும். 'அபுனைவு' எனக்கு உவப்பாக இல்லை. தமிழ்ச் சொல்லுக்கு வடமொழி எதிர்மறை முன்னொட்டு என்பது ஒரு குறை. பெரிய குறை வேறு: உலகத்தில் எழுதப்பட்ட வரலாறு, விஞ்ஞானம், பயணம், சமையல் அத்தனையையும் 'புனைவு அல்லாதது' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறது. இது ஆங்கிலத்தின் சோம்பேறித்தனத்தை அப்படியே இறக்குமதி செய்வது.

நமக்குக் 'கட்டுரை' என்ற சொல் இருக்கிறது. கட்டுக்கதையிலும் கட்டு, கட்டுரையிலும் கட்டு, இரண்டும் கட்டப்படுபவைதாம். சிலப்பதிகாரத்தின் 23ஆம் பகுதிக்குக் கட்டுரை காதை என்று பெயர். அதில் மதுரைத் தெய்வம் கண்ணகிக்குக் கோவலனின் முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. நாம் உண்மைக்கு ஒதுக்கிவைத்த சொல், இளங்கோவடிகளிடம் கதை சொல்லும் பகுதிக்குப் பெயராக நிற்கிறது. பரீட்சைக் கட்டுரையை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

எனவே நம் சங்கங்கள் எங்கெல்லாம் பிள்ளைகளுக்கு நூலகம் வைக்கின்றனவோ, அங்கே அலமாரிகளுக்குக் 'கதைகள்', 'கட்டுரைகள்', 'வரலாறு', 'அறிவியல்' என்றே பெயர் எழுதலாம் என்பது என் பணிவான யோசனை. பொன்னியின் செல்வனைக் கதைகளில் வைத்து, பக்கத்திலேயே சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' ஒன்றையும் வைத்துவிட்டால் போதும். பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்த்த காண்டேகர் நாவல்களையும் அதே அலமாரியில் வைக்கலாம். மராத்தியில் பிறந்து தமிழ் வீடுகளில் வளர்ந்த கதைகள் அவை. நம் பிள்ளைகளோ தமிழ் வீடுகளில் பிறந்து மராத்திய மண்ணில் வளர்கிறவர்கள்.

இனி "இது நிஜமா நடந்ததா?" என்று பிள்ளை கேட்டால், இல்லை என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். "இன்னாருக்கு நடந்ததுன்னு சொல்ல முடியாது. பல பேருக்கு நடந்ததை ஒருத்தருக்கு நடந்த மாதிரி சேர்த்துச் சொல்லியிருக்காங்க. நீயும் அதுல இருக்கியான்னு பாரு" என்று சொல்லிப் பாருங்கள். இளம்பூரணர் உரையை அதைவிட எளிமையாக ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குக் கொண்டுசேர்க்க முடியாது.